சுவிட்சை அணைத்த பிறகும்

ஐப்பசி மழை. சென்னை லஸ் கார்னர் சிக்னலில் கார் நிற்கிறது. வைப்பர் இடமும் வலமுமாக ஆடுகிறது. அதன் மோட்டாரும் அப்படியே ஆடுகிறதா? இல்லை. பெரும்பாலான கார்களில் அது ஒரே திசையில்தான் சுற்றும். பல்சக்கரம் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும். இணைப்புக் கம்பிகள் சுழற்சியை ஆட்டமாக்கும். பாட்டியின் தையல் மிஷின் ஞாபகம் இருக்கிறதா? அங்கே மிதி ஆட, சக்கரம் சுற்றும். இங்கே தலைகீழ்.

பாதியில் சுவிட்சை அணைத்தாலும் வைப்பர் நடுவில் நிற்காது. மோட்டாருக்குள் இன்னொரு மின்தொடர்பு இருக்கிறது. பிளேடு கீழே வந்து படுக்கும்வரை அது மின்சாரத்தை நிறுத்தாது. சொன்னதை உடனே கேட்காத பிள்ளை, ஆனால் நல்ல பிள்ளை!

நம்ம சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் இந்த மோட்டார்களைத் தயாரிக்கிறது. ஆனால் 1903-இல் அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற வைப்பரைக் கையால்தான் இயக்கவேண்டியிருந்தது.

சித்திரை வெயிலில் காய்ந்த வைப்பர் ரப்பரை மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.