முடியாது என்று யார் சொன்னது?

(நஞ்சன்கூட்டில் தமிழ் பேசும் கற்போருக்கான பேச்சு)



நஞ்சன்கூடு என்றால் என்ன நினைவுக்கு வரும்? கபிலை ஆறு நினைவுக்கு வரும். ஐந்து தேர்கள் ஓடும் பெரிய திருவிழா நினைவுக்கு வரும். நஞ்சுண்டேசுவரர் கோயில் நினைவுக்கு வரும். நஞ்சை உண்டவர் குடியிருக்கும் ஊர் நஞ்சன்கூடு.

நோய் தீர வேண்டும் என்று இங்கே பலர் வருகிறார்கள். திப்பு சுல்தானின் யானைக்குக் கண் நோய் வந்ததாம். இங்கே வேண்டிக்கொண்டதும் குணமானதாம். அதனால் திப்பு இந்தச் சாமியை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்தார் என்று சொல்வார்கள். ஹக்கீம் என்றால் வைத்தியர்.

சாமியிடம் எல்லோரும் என்ன கேட்கிறார்கள்? "உடம்பில் தெம்பு கொடு" என்று கேட்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அதே உடம்பைத் திட்டுகிறார்கள்.

"எனக்கு வயசாகிவிட்டது. இனி என்ன?"

"நான் பிறவியிலேயே நோஞ்சான்."

"நான் குண்டு. நடந்தால் ஊரே சிரிக்கும்."

இப்படித்தான் பேச்சு. சிலேட்டைக் கையில் எடுத்த முதல் நாளும் பலர் இதையேதான் சொன்னார்கள். "இந்த வயசில் எனக்குப் படிப்பு ஏறுமா?" என்றார்கள். இன்று அவர்கள் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள். வங்கியில் கையெழுத்துப் போடுகிறார்கள். முடியாது என்று நினைத்தது முடிந்துவிட்டது.

உடம்பின் கதையும் அதுதான். அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. மைசூர் இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். அங்கே வந்து சேர்ந்த ஒரு நோஞ்சான் பையனின் கதையைக் கேளுங்கள்.

நோஞ்சான் பையன்

கோலார் மாவட்டத்தில் பெள்ளூர் என்று ஒரு சிற்றூர். அங்கே 1918-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தமிழ் பேசும் ஏழைக் குடும்பம். அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டில் பிறந்த 13 குழந்தைகளில் இவன் 11-ஆவது.

அது உலகமெங்கும் விஷக் காய்ச்சல் பரவிய ஆண்டு. அம்மாவுக்கும் அந்தக் காய்ச்சல். குழந்தை மெலிந்தே பிறந்தது. பிறகு மலேரியா வந்தது. டைபாய்டு வந்தது. காசநோயும் வந்தது. பையனுக்கு ஒன்பது வயதானபோது அப்பா இறந்துபோனார்.

கைகால்கள் குச்சி போல இருந்தன. வயிறு முன்னால் தள்ளியிருந்தது. தலையை நிமிர்த்தி வைக்கவே சிரமம். இவன் பிழைப்பானா என்று உறவினர்களே சந்தேகப்பட்டார்கள்.

அவனுடைய அக்காவின் கணவர் கிருஷ்ணமாச்சாரியார். அவர் பெரிய யோகா ஆசிரியர். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை ஆதரித்தார். ஜகன்மோகன் அரண்மனையில் அவருக்கு யோகசாலை அமைந்தது. 1934-இல் அந்தப் பையன் மைசூருக்கு வந்தான். அப்போது அவனுக்கு 15 வயது.

குரு உடனே சொல்லிக் கொடுத்தாரா? இல்லை. இந்த உடம்புக்கு யோகா வராது என்று அவரும் நினைத்தார். பையன் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். வீட்டு வேலைகளைச் செய்தான்.

ஒரு நாள் குருவின் முக்கியமான மாணவர் சொல்லாமல் போய்விட்டார். வெளியூர் விருந்தினர் முன்னால் ஆசனங்களைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. வேறு வழியில்லை. குரு இந்தப் பையனைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தார். அன்றுதான் கதவு திறந்தது.

அந்தப் பையன்தான் பி.கே.எஸ். ஐயங்கார். பிற்காலத்தில் உலகமே அறிந்த யோகா ஆசிரியர்.

சிரித்தவர்கள் முன்னால் நின்றார்

1937-இல் அவரைப் புனே நகருக்குப் பாடம் சொல்ல அனுப்பினார்கள். வயது 18. மராத்தி தெரியாது. ஆங்கிலமும் சரியாக வராது. மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறவில்லை. அவரிடம் படிக்க வந்தவர்களோ கல்லூரி மாணவர்கள். அவரைவிடக் கட்டான உடம்பு உள்ளவர்கள். அவர்களுக்கு அவர் ஒரு வேடிக்கையாகத் தெரிந்தார்.

அவர் ஓடவில்லை. ஒரு நாளில் பல மணி நேரம் பயிற்சி செய்தார். எந்த அசைவில் எங்கே வலிக்கிறது என்று கவனித்தார். தன் உடம்பையே பாடப் புத்தகமாக வைத்துப் படித்தார்.

வலியைப் பற்றி அவருக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. மைசூரில் குரு மிகவும் கண்டிப்பானவர். பழகாத ஓர் ஆசனத்தை உடனே செய்யச் சொன்னார். கால்களை முன்னும் பின்னும் நீட்டி அமரும் ஆசனம் அது. தொடையின் பின்தசை கிழிந்துவிட்டது. நெடுநாள் சரியாக நடக்க முடியவில்லை. இதைப் பின்னாளில் அவரே சொன்னார்.

அதனால் தன் மாணவர்களுக்கு அவர் வேறு வழி கண்டார். குனிய முடியாதவருக்கு மரக்கட்டை வைத்தார். நிற்க முடியாதவருக்குச் சுவரைக் கொடுத்தார். நாற்காலி, கயிறு, பட்டை, போர்வை எல்லாம் யோகாவுக்குத் துணையாயின. "உன்னால் முடியாது, போ" என்று அவர் சொல்லவில்லை. "எதைப் பிடித்துக்கொண்டால் உன்னால் முடியும்?" என்று பார்த்தார்.

பெல்ஜியம் நாட்டின் அரசி எலிசபெத் 80 வயதை எட்டிய பிறகு அவரிடம் தலைகீழாக நிற்கக் கற்றார். 1966-இல் ஐயங்கார் எழுதிய ஆங்கில யோகா நூல் வெளிவந்தது. அது பல மொழிகளுக்குப் போனது. 1979-இல் ஸ்கூட்டர் விபத்தில் அவருக்குப் பலத்த அடி. அப்போது வயது 60. மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். 2014-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி 95 வயதில் காலமானார்.

சிறு வயதிலேயே இறந்துவிடுவான் என்று பேசப்பட்ட பையன் அவர்!

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கதையைக் கேட்டு, காசநோய்க்கு யோகாவே போதும் என்று நினைக்காதீர்கள். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் காசநோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது. இன்று உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். மருந்தை நடுவில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். உடற்பயிற்சி மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல.

தவறான எண்ணங்கள்

உடம்பைப் பற்றி ஊரில் பல தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"ஒல்லியாக இருப்பவர் நலமானவர். குண்டாக இருப்பவர் சோம்பேறி."

இது சரியல்ல. ஒல்லியானவருக்கும் சர்க்கரை நோய் வரும். இந்தியர்களுக்கு எடை அதிகம் இல்லாமலே அது வருவது உண்டு. எடை கூடுவதற்கும் பல காரணங்கள். தைராய்டு சுரப்பிக் குறை ஒரு காரணம். சில மருந்துகள் ஒரு காரணம். பரம்பரை ஒரு காரணம். பார்வையை வைத்து ஒருவரின் நலத்தை அளக்க முடியாது. மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறதா? பிடிமானம் இல்லாமல் எழ முடிகிறதா? ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதா? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

"எப்போதும் அசதி. இவள் சோம்பேறி."

எத்தனை வீடுகளில் இந்தச் சொல் கேட்கிறது! 2019 முதல் 2021 வரை அரசு நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சொன்னது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் படி ஏறினாலே மூச்சு வாங்கும். தலை சுற்றும். இது சோம்பல் அல்ல, நோய். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்துப் பார்க்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கும். கீரை, பயறு சாப்பிடுங்கள். சாப்பாட்டுடன் எலுமிச்சை சேருங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும். இனி யாராவது சோம்பேறி என்றால், "முதலில் ரத்தம் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

"வயதானால் அசையாமல் இருப்பதே நல்லது."

1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 90 வயதை ஒட்டிய முதியவர்கள், முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள், மிகவும் தளர்ந்தவர்கள். அவர்களுக்கு எடையைக் காலால் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 8 வாரம் நடந்தது. கால் வலிமை இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது! தசைக்கு வயது தடையில்லை. அசையாமல் உட்கார்ந்தால்தான் தசை கரையும். தசை கரைந்தால் தடுமாறி விழுவார்கள். விழுந்தால் எலும்பு முறியும்.

"உடற்பயிற்சி ஆண்களுக்கு. பெண்களுக்கு எதற்கு?"

கோயம்புத்தூரில் நானம்மாள் என்று ஒரு பாட்டி இருந்தார். சிறுமியாக இருந்தபோது வீட்டுப் பெரியவர்களிடம் யோகா கற்றார். 90 வயதைத் தாண்டியும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019-இல் 99 வயதில் காலமானார். அவர் படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. குடும்பத்தை நடத்திய கிராமத்துப் பெண்தான்.

"உடம்பில் குறை உள்ளவர் விளையாட முடியாது."

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். 2016-இல் ரியோ நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டி நடந்தது. உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். ஆறு அடிக்கும் மேல்!

"வீட்டு வேலையும் காட்டு வேலையும் போதாதா?"

இதில் பாதி உண்மை. வேலையும் உடல் உழைப்புதான். உலக சுகாதார நிறுவனமும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. நாள் முழுதும் களை எடுத்தவர் மாலையில் ஓடத் தேவையில்லை. அவருக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் வேண்டும். ஆனால் நாளெல்லாம் குனிந்த முதுகை நிமிர்த்த வேண்டும். சுருங்கிய தோளை விரிக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும். உட்கார்ந்தே பீடி சுற்றுபவர், தைப்பவர், கடையில் இருப்பவர் ஆகியோருக்குத்தான் நடை மிகவும் தேவை.

எப்படித் தொடங்குவது?

மைசூரில் சாமுண்டி மலைக்குச் சுமார் 1,000 படிகள். யாரும் ஒரே தாவலில் ஏறுவதில்லை. கொஞ்சம் ஏறுவார்கள், உட்காருவார்கள், நந்தியைப் பார்ப்பார்கள், மறுபடி ஏறுவார்கள். உடம்பையும் அப்படித்தான் பழக்க வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

வீட்டிலேயே செய்யக் கூடியவை மூன்று:

1. நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். கையை ஊன்றாமல் பத்து முறை. முடியாவிட்டால் கையை ஊன்றியே தொடங்குங்கள்.

2. சுவரில் உள்ளங்கைகளை வையுங்கள். முழங்கையை மடக்கி முன்னால் சாயுங்கள். பிறகு தள்ளி நிமிருங்கள். பத்து முறை.

3. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். பத்து எண்ணும்வரை. பிறகு அடுத்த கால்.

மூச்சை அடக்காதீர்கள். தசை லேசாக இழுப்பது சரி. குத்தும் வலி வந்தால் நிறுத்துங்கள். ஐயங்காரின் தொடையை நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் வலி, மயக்கம், அதிக மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. அது நாக்குக்கு. உங்களை நீங்களே திட்டாதீர்கள். பிள்ளைகளை 'தடியா', 'குச்சி' என்று கூப்பிடாதீர்கள். கேலிக்குப் பயந்து எத்தனையோ பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்கே போவதில்லை. "நேற்றைவிட இன்று இரண்டு படி கூட ஏறினாயே!" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை நாளையும் ஏறும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இந்த உடம்பு இத்தனை ஆண்டு சோறு ஆக்கியது. சுமை தூக்கியது. பிள்ளை பெற்றது. இப்போது எழுதவும் கற்றது. அதற்கு நன்றி சொல்லுங்கள். நாளைக் காலை பத்து நிமிடம் அதனுடன் நடந்துவிட்டு வாருங்கள்.



சிந்தித்துப் பேசுங்கள்

1. "என்னால் முடியாது" என்று நீங்கள் நினைத்து, பிறகு முடிந்தது எது?

2. ஐயங்கார் சுவரையும் நாற்காலியையும் எதற்குப் பயன்படுத்தினார்?

3. உங்கள் வீட்டில் எப்போதும் அசதியாக இருப்பவர் யார்? அவருக்கு ரத்தச் சோதனை செய்தீர்களா?

4. உங்கள் தெருவில் சேர்ந்து நடக்க வரக்கூடியவர் யார் யார்? பெயர்களை எழுதுங்கள்.