ஓர் ஏர் போதுமா?

(ஒரகடத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘பல்கலைக்கழக ஆராய்ச்சியில் நாட்டுக்கு நன்மை தருவது ஒரு துறையின் ஆழமே! பல துறைகளின் அகலமே!’ ‘அகலமே’ அணியில் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே! எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கிற நண்பர்களே! ஷிப்ட் முடிஞ்சு, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு பழமொழி சொன்னார். ‘அகல உழுவதைவிட ஆழ உழு.’ நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். அப்புறம்தான் நான் எதிரணின்னு ஞாபகம் வந்தது! (சிரிப்பு)

ஆனா அய்யா, அந்தப் பழமொழியை யாருக்குச் சொன்னாங்க? ஏர் பிடிக்கிறவனுக்குச் சொன்னாங்க. ஊருக்குச் சொல்லலை. ஓர் ஏர் ஆழமாகத்தான் போகணும். அதுக்காக, ஊருக்கே ஓர் ஏர், ஒரே வயல் போதும்னு சொன்னா மற்ற வயலெல்லாம் என்ன ஆகும்? கோரை முளைக்கும். பல்கலைக்கழகம் என்பது ஓர் ஏர் இல்லை, நடுவர் அவர்களே. அது ஓர் ஊர். அங்கே நூறு ஏர் இருக்கணும். ஒவ்வொன்றும் ஆழமாகப் போகணும். இதுதான் எங்கள் கட்சி. (கைதட்டல்)

நண்பர் கேட்டார்: ‘ஒரகடத்தில் கார் செய்றோம், லாரி செய்றோம், புல்லட் செய்றோம். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்றோம். இந்த இடத்துல நின்னுக்கிட்டு கல்வெட்டு, பாசின்னு பேசலாமா? பேட்டரிக்கும் சிப்புக்கும் மொத்தப் பணத்தையும் கொடு!’ பேட்டரிக்குக் கொடுங்கய்யா. நான் வேண்டாம்னா சொல்றேன்? மற்ற அடுப்பையெல்லாம் அணைச்சுட்டுக் கொடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்குவோம். 1952-ல் ஜி. என். ராமச்சந்திரன் அங்கே இயற்பியல் பேராசிரியரா வந்து சேர்ந்தார். அப்போ அவருக்கு வயசு ஏறக்குறைய முப்பது. நம்ம தோலிலும் எலும்பிலும் நரம்பு மாதிரி ஓடுகிற கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் என்னன்னு பார்க்கணும்னு நினைச்சார். அதுக்குச் சுத்தமான கொலாஜன் வேணுமே! பக்கத்திலேயே அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கேயிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைச்சது. படிகத்தைப் படிச்சவர், தோல் பதனிடும் இடத்துக்குப் போய், ஆஸ்திரேலிய கங்காருவின் வாலைப் பிடிச்சார்! (சிரிப்பு)

1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் அந்த வடிவத்தை உலகுக்குச் சொன்னாங்க. மூணு சுருள் இழை, ஒன்றோடொன்று பிணைஞ்ச மாதிரி. 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து ஒரு வரைபடம் போட்டார். இன்றைக்கு உலகத்தில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிச்சாலும், ‘ராமச்சந்திரன் வரைபடத்தில் சரியா உட்காருதா?’ன்னு பார்த்துட்டுத்தான் வெளியிடுறாங்க. அவர் ஆழமாகப் போனாரா? போனார். ஆனா இயற்பியலும் தோலும் உயிரியலும் கூப்பிடு தூரத்தில் இருந்ததாலதானே அந்த ஆழம் கிடைச்சது? (கைதட்டல்)

‘அது விஞ்ஞானம், ஒத்துக்கறேன். பொருளாதாரம், வரலாறெல்லாம் எதுக்கு?’ன்னு நண்பர் கேட்பார். சொல்றேன்.

அதே பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பொருளாதாரப் பேராசிரியர். 1916-ல் மாணவர்களைப் பார்த்து, ‘உங்க ஊருக்குப் போய் யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன்னு எழுதிக்கிட்டு வாங்க’ன்னு அனுப்பினார். 1918-ல் அது புத்தகமாச்சு. அதில் ஒரு ஊர், காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டினா வருகிற தூசி. கேலி இல்லைங்க, ஊர் பேரே தூசிதான்! 1930-களில் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போனாங்க. 1980-களிலும் போனாங்க. இந்த கம்பெனியெல்லாம் வருகிறதுக்கு முன்னால் நம்ம சீமையில் நிலம் எப்படிக் கை மாறியது, கூலி எப்படி மாறியதுன்னு நாளைக்கு உங்க பேரன் கேட்டா, பதில் எந்த எந்திரத்திலும் இல்லை. அந்தத் தூசியில்தான் இருக்கு! (பலத்த கைதட்டல்)

அடுத்து ஏரிக்கு வாங்க. 2015 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. செம்பரம்பாக்கம் நிரம்பியது, அடையாறு புரண்டது, சென்னை மூழ்கியது. அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது? நம்ம வட்டாரத்து ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிஞ்சு போகும் தண்ணீரும் அதில் சேர்த்திதானே! எவ்வளவு மழை, எவ்வளவு கன அடின்னு பொறியாளர் சொல்வார். சரி. அந்த ஏரியை யார் தூர் வாரணும்? கலங்கலை யார் காவல் காக்கணும்? அந்தக் கணக்கு வேற பாடத்தில் வருது.

இங்கேயிருந்து தெற்கே போனா உத்திரமேரூர். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. குடவோலை போட்டு ஆள் எடுத்து, ஏரி வாரியம்னு ஒரு குழுவே வச்சிருந்தாங்க. கணக்கு காட்டாதவன் அடுத்த முறை நிற்க முடியாது! சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதையெல்லாம் படிச்சு 1932-ல் புத்தகமாகவே எழுதினார். கன அடியைச் சொல்ல ஒருத்தர், காவல் முறையைச் சொல்ல ஒருத்தர், ஆக்கிரமிப்புக்குச் சட்டம் சொல்ல ஒருத்தர். மூணு பேரும் வேணும். இதில் எந்த ஏரை நண்பர் அவிழ்க்கப் போறார்? (கைதட்டல்)

தம்பிகளே, இன்னொன்று சொல்றேன், கோபப்படாதீங்க. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. உலகத்துக்கே போன் செஞ்சு அனுப்பினாங்க நம்ம பிள்ளைங்க. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்னது. ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக்குப் போனாங்க. அந்தப் பிள்ளைகளுக்கு வேலையில் ஆழம் பத்தலையா? கண்ணை மூடிக்கிட்டே போனைக் கோர்ப்பாங்களே! பிரச்சினை போனுக்குள்ளே இல்லைங்க. வரி வழக்கில் இருந்தது. உலகச் சந்தை மாறினதில் இருந்தது. கம்பெனியை இன்னொரு கம்பெனிக்கு விற்றபோது, வழக்கில் சிக்கின இந்தத் தொழிற்சாலை மட்டும் தனியா நின்னதில் இருந்தது. வரிச் சட்டம், வணிகம், தொழிலாளர் சட்டம், வேலை போன வீட்டில் மனசு என்ன பாடு படும் என்கிற மனோதத்துவம்... இதையெல்லாம் ஆராய ஆள் வேண்டாமா? (அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கையைத் தூக்குறீங்க. என் மேலேயே ஒரு குற்றம் சொல்லிட்டு முடிச்சுடறேன். அதுக்கு மட்டும் ரெண்டு நிமிஷம் கொடுங்க.

நான் தமிழ் வாத்தியார். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன், கிணறு தோண்டின இடத்திலிருந்து ஒரு வெளுத்த கல்லைக் கொண்டு வந்தான். ‘அய்யா, கல்லுக்குள்ள இலை இருக்கு’ன்னான். பார்த்தேன். குட்டி ஈச்ச ஓலை மாதிரி ஒரு பதிவு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘யாரோ கிறுக்கியிருக்கான், தூக்கிப் போட்டுட்டு மனப்பாடச் செய்யுளைப் படிடா!’ (சிரிப்பு) அவனும் போட்டுட்டான்.

பல வருஷம் கழிச்சு, நிலவியல் படிச்ச நண்பர் ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். உலகத்து நிலவியல் நூல்களில் நம்ம ஊர் பேராலேயே ஒரு பாறைப் படிவு இருக்கு: ஸ்ரீபெரும்புதூர் படிவு. பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்தியது. ராபர்ட் புரூஸ் ஃபுட் போன்றவங்க பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வச்சிருக்காங்க. அதில் இலைப் பதிவும் இருக்கு, கடல்வாழ் உயிரின் ஓடும் இருக்கு. நீங்க உட்கார்ந்திருக்கிற இந்தச் சீமைக்குக் கடல் வந்து போயிருக்கு! அந்த இலையைப் படிக்கிறவர்தான் பாறையின் வயசைச் சொல்றார். பாறை எப்படிப் படிஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எங்கே போர் போட்டா தண்ணீர் வரும்னு தெரியும். தண்ணீர் இல்லாம எந்தக் கம்பெனி ஓடும்? இலைக்கும் லாரிக்கும் சம்பந்தம் இருக்குங்க! (பலத்த கைதட்டல்)

அந்தப் பையன் இன்றைக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். போன மாசம் வந்தான். ‘அய்யா, என் பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டா. ஜியாலஜிதான் படிப்பேன்னு பிடிவாதம் பிடிக்கிறா. சொந்தக்காரங்க எல்லாம் சிரிக்கிறாங்க. நீங்க வந்து புத்தி சொல்லுங்கய்யா’ன்னான்.

அந்தப் படிப்புக்கு உடனே வேலை கிடைக்கும்னு நான் அவனுக்கு உத்தரவாதம் கொடுக்கலை. பொய் சொல்லக் கூடாது, அவன் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு அது. ஆனா ஒண்ணு சொன்னேன். ‘தம்பி, அன்றைக்கு உன் கையிலிருந்த கல்லைத் தூக்கிப் போடச் சொன்னேன். இன்றைக்கு உன் பொண்ணு மனசில் இருக்கிறதையும் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரலை. அவ படிக்கட்டும்.’

அவ படிக்கணும்னா அந்தத் துறை இருக்கணும். அந்தக் கதவு திறந்திருக்கணும். எந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கல்லோடு வரும்னு நமக்குத் தெரியாது, நடுவர் அவர்களே. எல்லாக் கதவையும் திறந்து வைக்கிறதுதான் பல்கலைக்கழகம். ஆகவே, பல துறைகளின் அகலமே என்று தீர்ப்பு வழங்குமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)