சூலை 23: ஒரு நாளின் கடன்

 

நாட்காட்டியில் ஒரு தாள் கிழிகின்றது. ஒரு நாள் கழிகின்றது. நல்ல வேளை எது, கெட்ட வேளை எது என்று பார்த்துத் தாளைக் கிழிப்பார்க்கு அந்நாளின் வரலாறு கண்ணிற் படுவதில்லை. நாளுக்கெனத் தனியாற்றல் ஏதும் இல்லை. அந்நாளில் மாந்தர் செய்த செயலும் பட்ட பாடுமே அதற்குப் பொருள் தருவன. பின்வருவோர் அதனை நினைந்து கடைப்பிடித்தாலன்றி அப்பொருளும் நிலைப்பதில்லை. அத்தகைய நாள்களுள் ஒன்று சூலை 23.

1925ஆம் ஆண்டு, அஃதாவது திருவள்ளுவர் ஆண்டு 1956, சூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் ஓர் உயிர் பிரிந்தது. அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965 அக்டோபர் 2 முதல் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதியமான் ஆண்ட தகடூர் மண் அது. அங்கு மறைந்தவர் சுப்பிரமணிய சிவா. 1884 அக்டோபர் 4 அன்று வத்தலக்குண்டில் பிறந்த அவர்க்கு இறக்கும்போது அகவை நாற்பதே.

1908 மார்ச்சு 12 அன்று வ.உ.சிதம்பரனாரும் அவரும் சிறை செய்யப்பெற்றனர். அவ்வாண்டு சூலை 7 அன்று திருநெல்வேலியில் தீர்ப்பு உரைக்கப்பெற்றது. சிவாவுக்குப் பத்தாண்டு, சிதம்பரனார்க்கோ இரட்டை வாழ்நாள் தண்டனை. அவ்விரண்டில் ஒன்று, சிவாவுக்குத் துணை நின்ற 'குற்றத்துக்காக' விதிக்கப்பெற்றது! நட்புக்கு வெள்ளையன் வைத்த விலை அது. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. 1912இல் சிவா சிறையினின்று வெளிவந்தார்; சிறை தந்த தொழுநோயும் உடன் வந்தது. தொழுநோயரைத் தொடர்வண்டியில் ஏற்றலாகாது என ஆட்சி தடுத்தது. சிவா முடங்கவில்லை. நடந்தும் மாட்டுவண்டியில் ஊர்ந்தும் ஊரூராய்ச் சென்று முழங்கினார். வண்டியைத் தடுக்க முடிந்த ஆட்சியால் வாயைத் தடுக்க முடியவில்லை.

அவர் தலைவராகக் கொண்ட திலகர் பிறந்ததும் ஒரு சூலை 23தான், ஆண்டு 1856. தலைவர் பிறந்த நாளே தொண்டர் மறைந்த நாளாயிற்று. இதிற் கோள்களின் வேலை ஏதும் இல்லை. ஆயினும் ஒரு வினா உண்டு. மராட்டியர் திலகரை மறந்தாரில்லை. தமிழர் சிவாவை எவ்வளவு நினைக்கின்றனர்?

அவர் மறைந்து ஈராண்டு கழிந்தது. 1927 சூலை 23 அன்று பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் குழுமத்தின் முதல் நிலையம் திறக்கப்பெற்றது. கம்பியில்லாமல் குரல் செல்லும் அப்புதுப் பொருளுக்குத் தமிழில் பெயரில்லை என்று எள்ளி நகைத்தோர் இருந்தனர். தமிழ் 'வானொலி' என்றது. வான் ஒன்று, ஒலி ஒன்று. இரண்டும் பழஞ்சொற்கள், கூடியதும் புதுப்பொருள் பிறந்தது! நடுவணரசு 'ஆகாசவாணி' என்னும் வடசொல்லை ஏற்றியபோது தமிழர் எதிர்த்து எழுந்தனர். தருமபுரியிலும் நிலையம் அமைந்தது. அதனைக் கேட்கும் உழவர் மக்கள் நாவில் நிலைத்திருப்பது வானொலி என்னும் சொல்லே. அறிவியலுக்குத் தமிழ் ஆகாது என்பார்க்கு இவ்வொரு சொல்லே விடை.

இனி, இந்நாளின் கொடிய பக்கம். 1983 சூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப்புலிகள் தாக்கியதில் படையினர் 13 பேர் மாண்டனர். அதனைச் சாக்காகக் கொண்டு, மறுநாள் முதல் கொழும்பிலும் பிற ஊர்களிலும், அதிற் பங்கேதுமில்லாத தமிழர்மேற் கொலைவெறி அவிழ்த்துவிடப்பெற்றது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தனர். வெலிக்கடைச் சிறையில் சூலை 25, 27 ஆகிய இருநாளில் 53 தமிழர் அடித்தும் வெட்டியும் கொல்லப்பெற்றனர். வெள்ளையன் சிறை சிவாவுக்கு நோய் தந்தது. வெலிக்கடைச் சிறையோ தன் காவலில் இருந்தார்க்குச் சாவையே தந்தது.

ஈழத்துத் திருநெல்வேலிக்கு ஈடாகத் தமிழகத்துத் திருநெல்வேலியும் இந்நாளிற் கண்ணீர் சிந்தியது. 1999 சூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி சென்றது. கூலி உயர்வு கேட்டனர். சிறைப்பட்ட தோழர்களின் விடுதலை கேட்டனர். கிடைத்தது தடியடி. விரட்டுண்டோர் பொருநையாற்றில் வீழ்ந்தனர். ஒரு குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தனர். அங்கே அடித்தவன் அயலான். இங்கே அடித்த கையும் தமிழன் கையே, அடிபட்ட உடலும் தமிழன் உடலே! 1908இல் சிவாவுக்குத் தண்டனை உரைத்த அதே ஊரில், ஆட்சி மாறியும் தடி மாறாதிருந்த கொடுமையை என்னென்பது! அயலார் கொடுமையை மட்டும் எண்ணி, தம்மவர் கொடுமையை மறைப்பது வரலாறு ஆகாது.

பிறப்பு, இறப்பு, சொல், நெருப்பு, ஆறு என ஒரே நாள் இத்தனையும் சுமக்கின்றது. இவற்றுள் தகடூர் மண்ணுக்குரிய கடன் எது? மாலையிட்டு, மேடையிட்டு, மறுநாள் மறந்துபோவதா?

சிவா நடத்திய 'ஞானபானு' இதழில் ஓர் அறிவிப்பு வந்தது. பிறமொழிச் சொல் கலவாத தனித்தமிழில் திருவள்ளுவர் வரலாற்றை எழுதித் தருவார்க்கு 5 உருபா பரிசு என்பது அதன் பொருள். தனித்தமிழ் இயக்கம் அரும்பிய காலம் அது. வியப்பு யாதெனில், அவ்வறிவிப்பே வடசொல் மலிந்த நடையில் இருந்தது! சிவாவின் கொள்கை எல்லாம் தமிழியக்கத்துக்கு உடன்பாடானவை அல்ல. அவர் 'பாரதமாதா'வுக்குக் கோயில் எழுப்ப விழைந்தவர். அவர் எழுத்தும் கலப்பு நடையே. ஆயினும் தம்மால் இயலாதது பிறரால் இயலும் என நம்பினார். தம் குறையை மறைக்காமல் பிறர் நிறைவுக்குப் பரிசும் வைத்தார். பழகிய பழக்கத்தைக் காட்டித் தூய தமிழைப் பழிப்பார் நடுவில், தம் பழக்கத்தை மீறித் தூய தமிழை விரும்பினார் அவர். அந்நேர்மையே போற்றத்தக்கது.

அந்த 5 உருபாப் பரிசு இன்னும் முற்றுப்பெறவில்லை. பாப்பாரப்பட்டியில் அவர் நினைவிடத்தில் மலர் வைப்போர் வைக்கட்டும். அதனோடு தருமபுரி மாவட்டத்து ஊர்தோறும், பள்ளிதோறும், சூலை 23 அன்று மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் பிறமொழி கலவாது எழுதட்டும். தம் ஊர் ஏரியைப் பற்றி, தம் தாயின் உழைப்பைப் பற்றி, மறைந்த அம்மாந்தரைப் பற்றி எழுதட்டும். பரிசு 5 உருபாவே போதும். பணம் சிறிதெனினும் பழக்கம் பெரிது. ஒரு பக்கம் தூய தமிழில் எழுதிய கை, மறுநாள் கடைப் பெயர்ப்பலகையில் பிழை கண்டால் வாளாவிராது. திருமண அழைப்பில் பிறசொல் கண்டால் மாற்றாமல் விடாது.

தாள் கிழியட்டும், நாள் கிழியாதிருக்கட்டும்! எழுதுக தமிழில்! வாழ்க தமிழ்!