வாளும் ஏரும்

மலையகத் தோட்டங்களில் பொன்னர் சங்கர் கூத்து நிகழும் இரவொன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். இடம் கொட்டகலைப் பகுதித் தோட்டம் ஒன்று என வைத்துக்கொள்வோம். லயத்தின் முன்னுள்ள வெறுந்தரையே அரங்கம். மன்னனின் முடி அட்டையினால் ஆனது. வாள் தகரத்தினால் ஆனது. பனி இறங்க இறங்கத் தப்பின் ஒலி ஓங்குகிறது. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டியவர், இரவில் வளநாட்டு மன்னராக நிமிர்ந்து நிற்கிறார். அவர் யார், எந்த லயத்தவர் என்பது கூடியிருப்போர் அனைவரும் அறிந்ததே. அறிந்திருந்தும், படுகளத்தில் அண்ணன்மார் வீழும்போது கண்கலங்காதார் அரியர்.

இத்தகைய மன்னர் கதையொன்று குறைந்த செலவில் எடுத்த திரைப்படமாக வரும்போது, அதே மக்களின் கண் வேறுவிதமாகத் தொழிற்படுகிறது. தூண் கல்லா, மரமா என்று ஆராய்கிறது. முடி அட்டை என்று கண்டால் நகைக்கிறது. கூத்தில் மன்னிக்கப்பட்ட ஏழ்மை திரையில் மன்னிக்கப்படாதது ஏன்?

கூத்து, பார்ப்பவரின் கற்பனையைத் துணைக்கு அழைக்கிறது. “இதனை வாள் என்று எண்ணிக்கொள்க” என்று அது கேட்கிறது. மக்களும் மனமுவந்து இசைகின்றனர். ஒளிப்படக் கருவியோ எதனையும் கேட்பதில்லை. தன் முன்னே இருப்பது எதுவோ அதனை அப்படியே காட்டிவிடுகிறது. அட்டையை வைத்தால் அட்டையைத்தான் காட்டும். ஆதலால், சிறுமுதலிட்டுப் பண்டை வீரர் கதையைப் படமாக்க முனைவோர், இல்லாத அரண்மனையை இருப்பதாகக் காட்டுவதிலேயே தம் ஆற்றலையெல்லாம் செலவிட்டுத் தோற்றுப்போகின்றனர்.

வேறு வழி கண்டவர்களும் உண்டு. 1950ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் ‘மந்திரி குமாரி’ என்னும் படத்தை வெளியிட்டனர். குண்டலகேசிக் கதையின் ஒரு பகுதியைத் தழுவியது அது. கொட்டகலையிலிருந்து புகைவண்டியில் மலையிறங்கினால் வரும் நாவலப்பிட்டியில் 1917ஆம் ஆண்டு பிறந்த ம. கோ. இராமச்சந்திரன் அதில் நடித்தார், உரையாடலை மு. கருணாநிதி எழுதினார். மன்னனை ஆட்டிவைக்கும் இராசகுருவின் ஆதிக்கத்தை அவ்வுரையாடல் தாக்கியபோது, மக்கள் தம் காலத்து அதிகாரத்தையே அதில் கண்டனர். அரண்மனை எத்தகையது என்று பார்க்க அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. மேனாட்டில் ஆர்சன் வெல்ஸ், ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தை மலிவுப் படங்களுக்குப் பேர்போன ரிப்பப்ளிக் நிறுவனத்தின் கொட்டகையில் 23 நாட்களில் எடுத்து முடித்தார். படம் 1948இல் வெளிவந்தது. கோட்டையைக் கட்ட வசதியில்லாத இடத்தில் அவர் மூடுபனியையும் இருளையும் நிறைத்தார். குற்றம் புரிந்த மன்னனின் உள்ளத்துக்கு அவ்விருளே ஏற்ற மாளிகையாயிற்று.

இனி, பொன்னர் சங்கர் கதைக்கு வருவோம். இது கொங்கு நாட்டிற் பிறந்த கதை. இதன் பாடங்கள் பல. வீரர்கள் வாழ்ந்த காலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த முடிவில்லை. தாய் தாமரை பிள்ளைவரம் வேண்டி 21 ஆண்டுகள் தவமிருக்கிறாள். மாயவர் இடையிடையே தோன்றி ஊழை நடத்துகிறார். இறந்த அண்ணன்மாரைத் தங்கை சிறுபொழுது உயிர்ப்பிக்கிறாள். இவை ஐதிகம். ஆயின் இவற்றினூடே ஓடும் வாழ்க்கை யாது? முன்னோர் காடு திருத்திக் கழனியாக்கினர். தந்தை குன்றுடையார் இளமையிற் பெற்றோரை இழந்து, பங்காளிகளால் துரத்தப்பட்டு, பிறர் வீட்டில் மாடு மேய்த்து வளர்ந்தார். இழந்த நிலத்தை மீட்பதே பிள்ளைகளின் போராக வளர்ந்தது. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி விளைந்த பயிரை அழித்தது. அதனை வீழ்த்தப் பெருவீரர்க்கும் பொன்னாச்சி என்னும் சிறு பெண்நாயின் துணை தேவைப்பட்டது. வரம் தெய்வத்தினுடையதாயினும், பசியும் பங்காளிப் பகையும் மண்ணினுடையவை. வாளின் கதையாகத் தோன்றுவது உள்ளே ஏரின் கதையாக இருக்கிறது.

இக்கதையை மு. கருணாநிதி நாவலாக எழுதினார். 2011ஆம் ஆண்டில் தியாகராஜன் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. பிரசாந்த் இரு வேடங்களையும் ஏற்றார். பெரும்பொருள் செலவிட்டு எடுத்த அப்படத்தில் மாளிகையும் படையும் கண்ணைக் கவர்ந்தன. ஆயினும் கண் வியந்த அளவுக்கு நெஞ்சு நெகிழ்ந்ததா என்பது கேட்கத்தக்க கேள்வியே. செலவு, அட்டையை மறைக்கும். அண்ணன்மாரை நம்மவராக்க அதனால் மட்டும் இயலாது.

மற்றொரு முயற்சியும் உண்டு. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965ஆம் ஆண்டில் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பாடகர் பாடிய இக்கதையை ஒலிநாடாவிற் பதிவு செய்தார். 1992இல் அது சென்னையில் இரு தொகுதிகளாக அச்சேறியது. பின்னர் அவர் முயற்சியாலேயே 26 பகுதிகள் கொண்ட அசையும் ஓவியத் தொடராகவும் வெளிவந்தது. ஓவியம் தன்னை ஒளிப்படம் என்று சொல்லிக்கொள்வதில்லை. அங்கே பெரும்பன்றியும் சிறுநாயும் தெய்வமும் ஒரே கோட்டில் வரையப்பட்டு ஒத்து வாழ்கின்றன. கூத்தைப் போலவே அதுவும் காண்பவரின் இசைவைக் கேட்டுப் பெறுகிறது. ஐதிகத்தை ஐதிகமாகவே சொல்வதில் பொய்யில்லை என்பதற்கு அது சான்று.

தோட்ட மக்கள் இக்கதையைக் கடல் கடந்து கொண்டுவந்து தலைமுறை தலைமுறையாகக் காத்ததன் காரணமும் இங்கே விளங்கும். அவர்களும் காடு திருத்தியவர்கள். தாம் பண்படுத்திய மண்ணில் ஒரு முழமேனும் தமக்கென்று எழுதப்படாமல் வாழ்ந்தவர்கள். நிலமிழந்து மாடு மேய்த்த குன்றுடையார் அவர்களுக்குப் பழங்காலத்து அந்நியர் அல்லர். கதையிலிருந்து ஏரை நீக்கி வாளை மட்டும் காட்டும் படம், இம்மக்களிடமிருந்து அவர்களுடைய கதையையே பறித்துக்கொள்கிறது. இது கலைக்குற்றம் மட்டுமன்று.

நாளை கொட்டகலை இளைஞர் சிலர் சிறியதொரு கருவியுடன் இக்கதையைப் படமாக்கப் புறப்பட்டால், அவர்கள் அரண்மனையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. மூடுபனி செலவின்றிக் கிடைக்கும். மரக்கறிப் பாத்திக்குள் இரவில் காட்டுப்பன்றி இறங்கும் அச்சத்தை வீட்டிலுள்ள முதியவர் நடிக்காமலே சொல்வார். தவத்தையும் வரத்தையும் கூத்தின் வாத்தியாரே முன்னின்று பாடட்டும்; உழைப்பையும் இழப்பையும் கருவி காட்டட்டும். தெய்வத்துக்குப் பாட்டு, மனிதருக்கு ஒளிப்படம் என்று வேலையைப் பகுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கமாட்டா.

கூத்தின் முடிவில் தங்கை நீர் தெளிக்கிறாள்; படுகளத்தில் வீழ்ந்தவர் எழுகின்றனர். பொழுது புலர்கிறது. முடியைக் கழற்றி வைத்துவிட்டு, மன்னர் வேலைக்குச் செல்கிறார். அந்த முகத்தை அருகிலிருந்து காட்டும் ஆற்றல் கூத்துக்கு இல்லை, திரைக்கு உண்டு.