நடையைப் பார்த்தவர்

(கொட்டாரத்தில் ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



பி.டி. உஷாவைத் தெரியாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். நான் பேச வந்தது அவருடைய பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரைப் பற்றி. வடகரைக்குப் பக்கத்தில் மணியூர்க்காரர். 15 ஆண்டுகள் விமானப்படையில் இருந்தவர். நல்ல தடகள வீரர்; ஆனால் நாட்டுக்காகக் களம் இறங்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பாட்டியாலாவில் பயிற்சி முடித்து, கேரள விளையாட்டுக் கவுன்சிலில் சேர்ந்தார்.

உஷாவை அவர் முதலில் கவனித்தது ஒரு பரிசளிப்பு விழாவில். ஓடும்போது அல்ல, நடக்கும்போது. மெலிந்த உடம்பு, விறுவிறுவென்ற நடை. அதிலேயே ஓட்டக்காரியைக் கண்டுகொண்டார். பரிசளிப்பு விழாவில் நாம் பெயர் வாசிப்போம், விருந்தினருக்குச் சால்வை வந்துவிட்டதா என்று பார்ப்போம்!

அதற்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். உஷா நான்காம் வகுப்பில் படிக்கையில், மேல்வகுப்பில் முதலாக ஓடும் பிள்ளையோடு அவரை ஓடவிட்ட உடற்கல்வி ஆசிரியர். உஷா ஜெயித்தார். நம்பியாரின் கண்ணுக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்த வழி அங்கேதான் தொடங்கியது.

பிறகு கண்ணூர் விளையாட்டுப் பள்ளி, பய்யோளிக் கடற்கரை மணல் என்று வருடக்கணக்கான பயிற்சி. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த உஷாவை நம்பியார் அதற்குத் தயார் செய்தார். மூன்றாவதாக வந்தவர் 55.41 வினாடி. உஷா 55.42. அழுதுகொண்டே இருந்தேன் என்று நம்பியாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அடுத்த ஆண்டே ஜகார்த்தா ஆசியப் போட்டியில் உஷாவுக்கு 5 தங்கம். துரோணாச்சாரியார் விருது தொடங்கிய அந்த 1985-இலேயே அது நம்பியாருக்கும் வந்தது. பத்மஸ்ரீ வர 2021 ஆயிற்று. அந்த ஆகஸ்டில் 89 வயதில் காலமானார்.

நான் கணக்கு ஆசிரியை. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கேட்டு வாங்கியவள்தான். என் வகுப்பில் ஒரு பிள்ளை. மணி அடித்ததும் புத்தகப் பையோடு பஸ் பிடிக்க ஓடுவாள், பையன்கள் பின்தங்குவார்கள். மூன்று வருடம் பார்த்தேன். "விழுந்திராதே மக்களே, மெதுவாப் போ" என்றுதான் சொன்னேன். அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். 100 மீட்டரை எத்தனை வினாடியில் ஓடுவாள் என்று நம் பள்ளியில் எவருக்கும் தெரியாது. யாரும் நேரம் எடுத்ததில்லை.

இந்தப் பருவத்தில் நான் வாங்கிய இரண்டு பாடவேளைகளை உடற்கல்வி ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.