ஆசிரியர் என்று எழுதுங்கள்



நம் சேலத்துத் தறிக்காரர்களுக்குப் பாவு, ஊடை, நாடா என்று தனிப்பேச்சு உண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டியில் கூடியிருக்கும் நமக்கு அது புதிதல்ல. பறைக் கலைஞர்களுக்கும் அப்படியொரு பேச்சு உண்டு. நீண்டு மெலிந்த மூங்கில் குச்சி சிண்டு. குட்டையாய்த் தடித்தது அடிக்குச்சி. சாமிச்சாட்டு, சப்பரத்தடி, மாரடிப்பு, ஒத்தையடி எனத் தாளத்துக்குத் தாளம் பெயர். இதே போன்ற சொல் சபாவில் பிறந்தால் கலைச்சொல். சேரியில் பிறந்தால் கொச்சை. அப்படிப் பிரித்தது சாதி.

சாவுக்கு அடிக்கும் கட்டாயத்தை மறுத்துப் பல ஊர்களில் நம்மவர்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அது நியாயமான போராட்டம். ஆனால், பறையோடு சொற்களும் ஓய்ந்தன. பின்னர் திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதே பறையை விடுதலைக் கருவியாக மேடையேற்றினார்கள். இன்று கல்லூரிகளிலும் பறை ஒலிக்கிறது.

சமூகவியல் முதுகலை படித்தபோது, இச்சொற்களைச் சொல்லித்தந்த பெரியவர்களை நான் ‘தகவலாளிகள்’ என்றே எழுதினேன். அது என் தவறு. மாணவர்களே, அவர்கள் சம்மதத்தோடு பெயரைப் போட்டு, ‘ஆசிரியர்’ என்று எழுதுங்கள். தொழிலை யார் தலையிலும் கட்ட விடமாட்டோம். அதன் அறிவை யாரும் பறிக்கவும் விடமாட்டோம்.

ஜெய் பீம்.