அறியாமல் சொன்ன தீர்ப்பு



அங்கத இலக்கியம் பற்றிய இந்தக் கருத்தரங்கின் தொடக்கத்தில், ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதிய ‘கலிவரின் பயணங்கள்’ நூலை முன்வைத்து ஒரே ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். தன் ஊரில் நடக்கும் அநியாயத்தைச் சாட வந்தவர், எதற்காகக் கடல் தாண்டி இல்லாத தீவுகளுக்குப் போகிறார்?

அரசுக்கு அஞ்சித்தான் என்பது வழக்கமான விடை. அச்சத்துக்குக் காரணம் இருக்கவே செய்தது. வில்லியம் வுட் என்பவர் அயர்லாந்துக்குச் செப்புக்காசு அடிக்க உரிமை பெற்றதை எதிர்த்து, 1724இல் துணி வியாபாரி ஒருவரின் பெயரில் ஸ்விஃப்ட் கடிதங்கள் வெளியிட்டார். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுன் என்று அரசு அறிவித்தது. அச்சிட்ட ஜான் ஹார்டிங் கைதானார். எழுதியவர் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருதான் என்பது டப்ளினில் ஊரறிந்த ரகசியம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1726இல் லண்டனில் கலிவர் வெளிவந்தபோதும் முகப்பில் ஸ்விஃப்டின் பெயர் இல்லை. பதிப்பாளர் பெஞ்சமின் மாட் அப்படியும் பயந்து சில இடங்களைத் திருத்தினார். டப்ளினின் எதிர்ப்பை உருவகமாகச் சொல்லும் லிண்டலினோ நகரத்துக் கிளர்ச்சி என்ற பகுதி 1899 வரை அச்சேறவே இல்லை.

ஆனால், ஒளிந்துகொள்வது மட்டுமே நோக்கமென்றால் திரை இவ்வளவு மெல்லியதாக இருந்திருக்காது. முதல் பாகத்தில் கலிவர் போய்ச் சேரும் குள்ளர் நாடான லில்லிபுட்டின் அரசவைக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம். ஒரு பதவி காலியானால், அதை விரும்புவோர் மன்னர் முன்னிலையில் கயிற்றின்மேல் நடனமாட வேண்டும். விழாமல் உயரக் குதிப்பவருக்குப் பதவி. பொருளாளர் ஃபிளிம்னாப் மற்ற எவரையும்விட ஓர் அங்குலமாவது கூடுதலாக எம்புவார். அவர் அன்றைய பிரதமர் வால்போல்தான் என்பது அக்கால வாசகருக்குத் தெரியாததல்ல. கலிவர் இதைப் பழிக்கவில்லை; கண்டதைக் கண்டபடி, அளவு உட்படச் சொல்லிவிட்டு நகர்கிறார். இப்படியா பதவி கொடுப்பார்கள் என்று கேட்பவர் வாசகர்தான். கேட்ட மாத்திரத்தில் அவர் தீர்ப்பு எழுதிவிடுகிறார். குற்றவாளியின் முகம் அவருக்குத் தெரிவது அதற்குப் பிறகே.

இதையே நேரடியாக ஒரு துண்டுப்பிரசுரத்தில் எழுதியிருந்தால், எழுதியவன் விக் கட்சியா, டோரி கட்சியா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். விடை தெரிந்ததும் பாதிப்பேரின் காது அடைத்துவிடும். லில்லிபுட்டிலோ வாசகருக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. பாரபட்சமற்ற அந்த ஒரு நிமிடத்துக்காகவே ஸ்விஃப்ட் அவ்வளவு தூரம் போகிறார் என்பது என் துணிபு. டாம்பியர் போன்ற மாலுமிகளின் பயண நூல்கள் விரும்பிப் படிக்கப்பட்ட காலம் அது. காற்றும் திசையும் குறிக்கும் அந்த வறண்ட மாலுமி நடையை அவர் எடுத்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

இரண்டாம் பாகத்தில் அளவு தலைகீழாகிறது. இப்போது பூச்சியளவு இருப்பவர் கலிவர். ராட்சதர் நாட்டு மன்னரிடம் தன் தேசத்தின் பெருமையை அவர் விரிவாகப் பேசுகிறார். வெடிமருந்து செய்யும் வித்தையையும் கற்றுத்தர முன்வருகிறார்: கோட்டையைத் தகர்க்கலாம், அடங்காத நகரத்தையே தரைமட்டமாக்கலாம். மன்னர் நடுங்கிப்போகிறார், உயிர்மேல் ஆசை இருந்தால் இனி இந்தப் பேச்சையே எடுக்காதே என்கிறார். கலிவரோ அந்த மன்னரின் குறுகிய அறிவை நினைத்து இரக்கப்படுகிறார். நூலின் உச்சம் இந்த இடம்தான். லில்லிபுட்டில் நீதிபதியாக இருந்த வாசகர் இங்கே கலிவரோடு சேர்ந்து கூண்டில் நிற்கிறார். நம் பிள்ளைகள் கையில் கிடைக்கும் சுருக்கப் பதிப்புகள் குள்ளரையும் ராட்சதரையும் வைத்துக்கொண்டு இந்த உரையாடலைப் பெரும்பாலும் விட்டுவிடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

மூன்றாம் பாகத்து லகாடோ கல்விக்கழகத்தைப் பிற்பகல் அமர்வுக்கு விட்டுவிடுகிறேன். நான்காம் பாகத்தைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். குதிரைகளை உயர்த்தி, மனிதரை யாஹூக்கள் என்ற விலங்குகளாக இழித்த ஸ்விஃப்ட் மனித வெறுப்பாளர் என்று இங்கே சிலர் வாதிடக்கூடும். அப்படி வாதிடுவோர், பெட்ரோ டி மென்டெஸ் என்ற போர்த்துகீசியக் கப்பல் தலைவரையும் கணக்கில் கொள்ள வேண்டும். கலிவரைக் காப்பாற்றுகிறார்; தன்னிடமுள்ள நல்ல உடையைக் கொடுக்க முன்வருகிறார்; லிஸ்பனில் தன் வீட்டிலேயே தங்கவைத்து, ஊருக்குக் கப்பலேற்றி அனுப்புகிறார். கலிவருக்கோ அவர் பக்கத்தில் நிற்கவே கூசுகிறது. மனிதரை வெறுப்பது கலிவர். அப்படியொரு நல்ல மனிதரைப் படைத்து, கலிவரின் வெறுப்புக்கு எதிரே நிறுத்தியது யார் என்பதிலிருந்து நம் விவாதம் தொடங்கட்டும்.